எட்டாம் பதிப்புக்கு என் ஆட்சேபணை

எங்கள் குடியிருப்பில் மேல்தொட்டியைக் கழுவுவதற்கே மூன்று முறை பொதுக்குழு கூட்டுவார்கள். தலைக்குள் ஓடுகிற இயங்குதளத்தை மாற்றுவதென்றால் சும்மா விடுவார்களா? ஒரு மாதமாக இதே பேச்சு. லிஃப்டில் ஏறினால் ஏழா எட்டா, மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால் ஏழா எட்டா. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட ஒருத்தர், "பாவம், கடைசி வரைக்கும் ஏழுலயே இருந்துட்டாரு" என்று உச்சுக்கொட்டினார்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு சில்லு. இந்தக் காலத்தில் அது இல்லாதவன் யார்? அதில் ஓடுகிற இயங்குதளத்துக்கு முகில் என்று பெயர். தனித்தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்று எங்கள் சங்கம் குடியிருப்பு முழுவதற்கும் மொத்தமாக எடுத்து வைத்திருக்கிறது. கோயம்புத்தூர்க்காரன் மூளையையும் மொத்த விலையில்தான் வாங்குவான். ஆனால் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது. ஒரே முகவரியில் இரண்டு பதிப்பு ஓடக் கூடாது. மாறினால் எல்லோரும் மாற வேண்டும், இல்லாவிட்டால் ஒருத்தரும் மாறக் கூடாது.

என் பெயர் கிஷோர். சரவணம்பட்டி 'நொய்யல் நிழல்' குடியிருப்பில் இரண்டாம் மாடி. எங்கள் தலைமுறையில் ஆண்களெல்லாம் கிஷோர், அஸ்வத், யுவராஜ்தான். முட்டி தேய்ந்து மூன்றாவது கால் வந்துவிட்டது, பெயர் மட்டும் இன்னும் காலேஜில் படித்துக்கொண்டிருக்கிறது. சங்கத்தில் எனக்கு இன்னொரு பெயர் உண்டு. 'ஆட்சேபணை' என்பார்கள், என் முதுகுக்குப் பின்னால். சுவருக்கு மஞ்சள் அடிக்கலாம் என்றால் எழுந்து எதிர்ப்பேன். சரி, வெள்ளை அடிக்கலாம் என்று இறங்கி வந்தால் அதையும் எதிர்ப்பேன். ஊரைத் திருத்துகிற உத்தேசமெல்லாம் கிடையாது. எல்லோரும் சேர்ந்து தலையாட்டினால் எனக்குக் கழுத்து வலிக்கும், அவ்வளவுதான். நாளடைவில் அவர்களுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் வேண்டாம் என்று சொன்ன எதுவும் எங்கள் சங்கத்தில் தோற்றதில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் எனக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. டாக்டர் என் மனைவி ஹர்ஷினியை உட்கார வைத்துச் சொன்னார்: "சொல்லெல்லாம் உள்ளாற பத்திரமா இருக்குதுங்க அம்மா. எடுத்துக் குடுக்கற எடம்தான் கெட்டுப்போச்சு. பேசவும் வராது, எழுதவும் வராது. அந்த வேலையைச் சில்லு பாத்துக்கறாப்பல பண்ணிரலாம்." பண்ணினார். அன்றிலிருந்து நான் பேசுவதெல்லாம் ஏழாம் பதிப்பு எடுத்துக் கொடுக்கிற சொற்கள். எடுத்துக் கொடுத்த பாவத்துக்காகச் சங்கத்தார் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

இப்போது எட்டு வந்திருக்கிறது. என் தலையில் இருப்பது பழைய சில்லு, அதில் எட்டு ஓடாது. 'உங்கள் கருவி தகுதி பெறவில்லை' என்று கம்பெனி எனக்குத் தினமும் காலையில் சுப்ரபாதம் மாதிரி ஒரு செய்தி அனுப்புகிறது. புதுச் சில்லு வைக்க எலும்பைத் திறக்க வேண்டும். திறந்தால் ரத்தம் நிற்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆக, குடியிருப்பு எட்டுக்குப் போகிற அன்றைக்கு நான் ஊமை.

இது மட்டும் என்றால் நானும் பேசாமல் ஏழுக்கே கொடி பிடித்திருப்பேன். ஆனால் ஹர்ஷினிக்குப் போன வருடம் மறதி ஆரம்பித்தது. கண்ணாடியைத் தேடுகிற மறதி இல்லை. அதே டாக்டர் இந்தத் தடவை என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "எட்டுல இதுக்கு ஒரு வழி வெச்சிருக்கறாங்க. மூளை நழுவ விடறதைச் சில்லு புடிச்சு வெச்சுக்கும். பழைய ஞாபகத்தையும் தேடி எடுத்துக் குடுத்துரும். ஏழுல அது கெடையாதுங்க."

ஏழு இருந்தால் நான் பேசுவேன், அவள் மறந்துகொண்டே போவாள். எட்டு வந்தால் அவள் தேறுவாள், என் வாய் அடைபடும். கடவுளும் கம்பெனியும் கலந்து பேசி என் வீட்டுக்கு மட்டும் தனியாகச் செதுக்கிய ஆப்பு இது.

"எட்டே போட்டுக்கலாம், அம்மிணி" என்றேன் ஒரு நாள், அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது.

"ஒண்ணும் வேண்டாமுங்க."

"அப்ப நீ மட்டும் ஓசூர்ல மக ஊட்டுல போயி இருந்துக்க. அங்கெல்லாம் எட்டுதானாம்."

"உங்களுக்குச் சோறு ஆராக்கறது?"

"சோத்துக்கா பஞ்சம்? வாங்கித் தின்னுக்கறன்."

"வாங்கித் தின்னுட்டு, அதுலயும் நொட்டை சொல்லி அவங்ககிட்டயும் அடி வாங்குவீங்க. இதென்ன பேச்சு? ரெண்டு பேரு இருக்கற ஊட்டுல ஒருத்தரு பேசாம உட்கார்ந்திருந்தா நான் சண்டை ஆருகிட்டப் போடறது?"

"இப்படியே உட்டா சண்டை போட்டதே ஞாபகம் இருக்காது."

"அப்ப நெம்ப நல்லது. தெனமும் புதுசாப் போடலாம்" என்று சிரித்தாள். அன்று சாயங்காலம் முறுக்குக்கு மாவு பிசைந்தபடி, "ஓசூர்ல இருக்கறாளே, அவளுக்குக் குடுத்தனுப்போணும்" என்றாள். எங்களுக்கு ஒரே மகள். பெயர் சாதனா. தானாக வருகிறதா பார்ப்போம் என்று நான் எடுத்துக் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். மாவு பிசைந்து முடிகிற வரைக்கும் அந்தப் பெயர் வரவில்லை.

வெளியே ஊர் வேறு கவலையில் இருந்தது. எட்டில் என்னென்ன புது வசதி என்று கம்பெனி ஒரு விளக்கம் அனுப்பியிருந்தது. கனவுகளின் ஓரங்கள் இனி கூராக இருக்காது, வளைவாக இருக்கும். நுனி நாக்கில் வந்து நிற்கிற பெயர் இனிமேல் நடு நாக்கில் வந்து நிற்கும். இதற்காக நாலாயிரம் பொறியாளர்கள் மூன்று வருடம் உழைத்தார்களாம். இந்த நடு நாக்கு விஷயத்தில் குடியிருப்பு இரண்டாகப் பிளந்தது. "எனக்கு நுனிதான் பழக்கம்" என்று ஏ பிளாக் ஒற்றைக் காலில் நின்றது. "நடுவுல இருந்தாத்தான் அழகு" என்று பி பிளாக். அந்த மறதி வசதி கடைசிப் பத்தியில் பொடி எழுத்தில் இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.

பக்கத்துக் குடியிருப்பில் ஒரு மாப்பிள்ளைக்கு முகூர்த்த நேரத்தில் தானாகவே எட்டு இறங்க ஆரம்பித்து, தாலியைக் கையில் பிடித்தபடி சிலையாக நின்றுவிட்டானாம். கெட்டிமேளக்காரர் வாசிக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் வேர்த்துப் போனாராம். பெண்ணின் அப்பா, "அணைச்சுராதீங்க, அணைச்சுராதீங்க" என்று எல்லோர் காலிலும் விழுந்ததாகக் கேள்வி. இந்தக் கதையைக் கேட்டு ஏழின் கட்சி கொஞ்சம் பலத்தது.

இந்தச் சமயம் பார்த்து ஹர்ஷினி வீடு வீடாகக் கிளம்பினாள். என்னைப் பிடிக்காத குடியிருப்பில் அவளைப் பிடிக்காதவர் கிடையாது. "என்ற ஊட்டுக்காரருக்குப் பேச்சு போயிருமுங்க. கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டாள். எதிர்வீட்டுச் சஞ்சனா கையைப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா நீங்க, கேக்கவே வேண்டாம், எங்க ஓட்டு ஏழுக்குத்தான்" என்றாள். கார் நிறுத்துகிற இடத்துக்காக என்னோடு ஓயாமல் சண்டை போடுகிற யுவராஜே மனம் இளகிவிட்டார். திரும்பி வந்தவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "பாதிக்கு மேல நம்ம பக்கமுங்க. கூட்டத்துல நீங்க வாயைத் தொறக்காம இருந்தாப் போதும்" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. ஏழு ஜெயித்துவிடும் போலிருக்கிறதே! எட்டை ஆதரித்து நான் பேசினால் மிச்சமிருப்பவர்களும் ஏழுக்குத் தாவிவிடுவார்கள். அப்புறம் எனக்கு ஒரே வழிதான் இருந்தது. என் ஆயுளில் யோசித்துச் செய்த ஒரே ஆட்சேபணை அது.

கூட்டம் வழக்கம்போல் அடித்தள கார் நிறுத்தத்தில். பிளாஸ்டிக் நாற்காலி, ஓட்டுக்குப் பிறகே பஜ்ஜி. முன்னாலேயே கொடுத்தால் ஒருத்தரும் ஓட்டுக்கு இருக்க மாட்டார்கள். செயலாளர் அஸ்வத் தொண்டையைக் கனைத்து, "ஆருக்காவது ஆட்சேபணை?" என்று என்னைப் பார்க்காமல் கேட்டார். ஹர்ஷினி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்தேன்.

"எட்டு எதுக்குங்க?" என்று ஆரம்பித்தேன். "இந்தக் குடியிருப்புல பாதிப் பேரு இருக்கற மூளையவே இன்னும் கவர் பிரிக்காம வெச்சிருக்கறீங்க. அதுக்குப் புதுப் பதிப்பு ஒரு கேடா? யுவராஜ் தம்பிக்குக் காரு நிறுத்தற எடமே தெரியாது, என்ற எடத்துல கொண்டாந்து நிறுத்தறாரு. அவருக்கு எட்டு போட்டாலும் எண்பது போட்டாலும் ஒண்ணுதான். சஞ்சனா அம்மிணி ஏழுக்குன்னு என்ற சம்சாரத்துகிட்டக் கையடிச்சுக் குடுத்திருக்குது. எட்டுக்குன்னு ஆருகிட்டக் குடுத்திருக்குதுன்னு கேட்டுப் பாருங்க. அஸ்வத்துக்கு ஒண்ணு சொல்றன். நீங்க செயலாளரு ஆனதே ஒரு பழுதுதான், அதெ மொதல்ல சரி பண்ணோணும். நான் இருக்கற வரைக்கும் எட்டு இந்த கேட்டைத் தாண்டி உள்ள வராது. உங்களால ஆனதைப் பாருங்க!"

உட்கார்ந்தேன். ரொம்ப நாளாக இவ்வளவு திருப்தியாகப் பேசியதில்லை. காதோரம் சிவந்து போன முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எட்டுக்குக் கை தூக்கச் சொன்னதும் யுவராஜ் இரண்டு கையையும் தூக்கினார். சஞ்சனா தூக்கினாள். ஏ பிளாக் மொத்தமும் நுனி நாக்கைத் தியாகம் செய்து தூக்கியது. ஏழுக்குத் தூக்கிய சில கைகளில் ஒன்று ஹர்ஷினியுடையது.

லிஃப்ட் கதவு மூடியதும் அவள் வெடித்தாள். "ஊடு ஊடாப் போயி மடிப்பிச்சை கேட்டு வந்தனே! எல்லாத்தையும் கெடுத்துப் போட்டீங்களே! அந்த வாயை வெச்சுட்டு உங்களால சும்மா இருக்க முடியாதா?"

"அதுக்குத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கறன், அம்மிணி. வர்ற வெள்ளிக்கெழமையில இருந்து சும்மாத்தான் இருப்பேன்."

அவள் என்னைப் பார்த்தாள். மெல்லப் புரிந்தது. கையிலிருந்த பஜ்ஜிப் பொட்டலத்தாலேயே என் தோளில் ஓங்கி அடித்தாள்.

"வேணும்னே பண்ணுனீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேன். வேண்டாம்னுட்ட."

"வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமுங்க. ஊருல அத்தனை பேரு சொன்னதையும் எதுத்தீங்க. என்ற பேச்சையும் எதுத்துட்டீங்கல்ல?"

"நீ சாதனா பேரைத் தேடினதை நான் பாத்துட்டுத்தானே இருந்தேன். நாளைக்கு என்ற பேரும் போயிரும். அப்புறம் நான் பேசி என்ன பண்ண? பேசறதுக்கு ஆளு வேணுமல்லொ?"

அவள் அழுதாள். இரண்டாம் மாடி வந்து கதவு திறந்து, நாங்கள் இறங்காததால் திரும்ப மூடிக்கொண்டது.

அஸ்வத் நல்ல நேரம் பார்க்காமல் பல்பு கூட மாற்ற மாட்டார். வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிந்து பன்னிரண்டு மணிக்கு எட்டு இறங்கும் என்று அறிவித்தார். அதற்குள் இருந்த நாட்களில் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்தேன். தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை சீக்கிரமே சாப்பிட உட்கார்ந்தோம். கடைசியாக ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்தே உருப்போட்டு வைத்திருந்தேன். ஆனால் ரசத்தை வாயில் வைத்ததும் பழக்க தோஷம் முந்திக்கொண்டது. "ஏனம்மிணி, ரசத்துல புளி" என்றேன். அதற்கு மேல் சொல் வரவில்லை. மணி பன்னிரண்டு.

எதிரே அவள் கண் விரிந்தது. யாரோ உள்ளே விளக்குப் போட்டதுபோல் இருந்தது முகம். "சாதனா" என்றாள். மகள் பிறந்தது எந்த ஆஸ்பத்திரி, அன்றைக்கு மழை, என் செருப்பை யாரோ தூக்கிக்கொண்டு போனது எல்லாம் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரத்துக்கு என் பேச்சை இன்னொரு முறை கேட்டாலும் கொடுப்பேன்.

குடியிருப்புக்காரர்களுக்கு என்மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. "கிஷோர் அண்ணன் தங்கமான மனுசன்" என்று என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். யுவராஜ் என் இடத்தில் காரை நிறுத்திவிட்டு எனக்கு வணக்கமும் வைத்தார். ஊமையாகிவிட்டால் இந்த ஊரில் சிலை வைக்கக்கூடத் தயங்க மாட்டார்கள்.

அடுத்த வாரமே தீபாவளி விளக்குக்காக ஒரு கூட்டம். "அப்ப ஆருக்கும் ஆட்சேபணை இல்லீங்களே?" என்று அஸ்வத் இந்தத் தடவை என்னை நேராகவே பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு இருக்குதுங்க" என்று எழுந்தாள் ஹர்ஷினி.

அவள் குரல் உயரவே இல்லை. "சஞ்சனா, போன மாசம் உங்க ஊட்டு வாசல்ல என்ற கையைப் புடிச்சுட்டு என்ன சொன்ன? பச்சை நைட்டி போட்டிருந்த. 'கேக்கவே வேண்டாம்'ன. அப்பறம் எதுக்கு வேற பக்கம் தூக்கின? அது போகட்டும். யுவராஜ் தம்பி, போன ஆடியில மொட்டை மாடியில அஸ்வத்தைப் பத்தி எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே, அதெ இங்க சொல்லட்டுங்களா? அஸ்வத் தம்பி, அதுக்கு முந்தின தையில நீங்க யுவராஜ் சம்சாரத்தைப் பத்திச் சொன்னது? எனக்கு இப்ப எல்லாமே ஞாபகம் வருதுங்க. இருபது வருசமா எங்க ஊட்டு வாசல்ல வந்து நின்னு ஆராரைப் பத்தி ஆரார் சொன்னீங்கன்னு அத்தனையும். கூட்டத்துக்கு ஒண்ணாச் சொல்றனுங்க."

வாய்க்கு வந்ததை உளறுகிற என்னை அவர்களால் தாங்க முடிந்திருந்தது. உள்ளதை உள்ளபடி ஞாபகம் வைத்திருக்கிற ஒருத்தியைத் தாங்க முடியவில்லை.

முதலில் வாய் திறந்தவர் யுவராஜ். "பழசுக்கே போயிரலாமுங்க! எனக்கு அந்த நடு நாக்கு ஒத்தே வரலை." உடனே பத்துக் குரல், "ஆமாங்க, ஏழுதானுங்க நல்லது!" அஸ்வத் அவசரமாகக் கம்பெனியை அழைத்தார். இனிமையான ஒரு பெண் குரல் எல்லோர் தலைக்குள்ளும் பேசியது. எனக்குத் தலைக்குள் கேட்காது என்பதால் ஒலிபெருக்கியிலும் போட்டார்கள். "பத்து நாட்களுக்குள் நீங்கள் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம். உங்கள் குழுவுக்கு இன்று பத்தாவது நாள்."

ஹர்ஷினி கேட்டாள்: "எனக்கு மறதி வியாதிங்க. திரும்பிப் போயிட்டா இந்தப் பத்து நாளு ஞாபகம்?"

"உங்கள் மூளை தானாகப் பிடித்து வைத்திருப்பது மட்டும் இருக்கும். சில்லு வைத்திருந்ததும் தேடி எடுத்துக் கொடுத்ததும் அழிந்துவிடும்."

"செரிங்க" என்றாள். இன்றைக்குப் பத்தாவது நாள் என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. நான் செய்ததை எனக்கே திருப்பிச் செய்கிறாள், படுபாவி.

"அப்ப, ஏழுக்குத் திரும்பறதுக்குச் சம்மதிக்கறவங்க கை தூக்குங்க" என்றார் அஸ்வத்.

கூடாது! அவளுக்குச் சாதனா பெயர் வேண்டும், செருப்புத் தொலைந்த மழை வேண்டும். எழுந்து நின்றேன். தொண்டை நரம்பு புடைக்க எதையோ கத்தினேன், சொல்லாக ஒன்றும் வரவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் ஆட்சேபிக்க என் கை தானாக உயரே போய்விட்டது.

"பாருங்க, கிஷோர் அண்ணனே மொதல் ஆளாத் தூக்கிட்டாரு!" என்றார் அஸ்வத். எல்லோரும் கை தட்டினார்கள். சங்கத்தின் சரித்திரத்தில் முதல் முறையாக ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் காலை பேச்சு வந்தது. வந்ததும் அடுக்களைக்கு ஓடினேன். எதற்காக இப்படிச் செய்தாய், எப்போது திட்டம் போட்டாய், என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று கத்துவதற்கு அத்தனை சொல்லும் தயாராக இருந்தது.

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். "ஏனுங்க, எட்டு மாத்தறதுக்குக் கூட்டம் போடறாங்கன்னு சொன்னாங்களே, எப்பங்க? நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நான் ஊடு ஊடாப் போயி எல்லார்கிட்டயும் சொல்லிக்கறன். உங்களுக்குப் பேச்சு போறதுக்கு நான் உட்ருவனா?"

"செரி, அம்மிணி" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் சில்லு நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.